பின்வயலில் உள்ளான்

நஜஃப்கர் ஏரிக்கரை
24 நவம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பால்கார சத்பீர் தினமும் ஜனக்புரியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியதும் உங்கள் செய்தியை முழுசாக வாசித்துவிடுகிறார். நேற்று, "சாப் கா குக்கர் சீட்டி நஹீ மார்த்தா" என்றார். குக்கர் விசில் அடிக்காத சோகத்தைப் பால்காரரிடமா சொல்லி அழுவது? மூடியின் ரப்பர் வளையத்தைக் கழுவி சமையலறை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும், பாருங்கள்.

போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நாம் முடிவு செய்தது நல்லதுதான். போனில் நீங்கள் "ம், சரி, சொல்லு" என்பீர்கள். அந்த "சரி"யிலேயே எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். ஒரு மெட்ரோ, ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கிற புருஷனுக்குப் பால் கேனோடு கடிதம் கொடுத்தனுப்புகிறேன் என்று கமலேஷ் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கமலேஷ்தான் சாயங்காலம் எனக்கு வயலுக்குத் துணை. இருட்டில் வரப்பு தெரியாமல் நான் விழுந்து வாரியதைப் பார்த்துவிட்டு, தானே டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். கையைப் பிடித்து வாய்க்காலைத் தாண்ட வைக்கிறார். நல்ல பலம்.

என் வேலை என்ன என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஸ்னைப் என்று ஒரு பறவை. மைனா அளவு உடம்பு, அதற்குப் பொருத்தமே இல்லாத நீள அலகு. குளிர்காலத்துக்கு வடக்கே எங்கிருந்தோ பறந்து வருகிறது. பகலெல்லாம் ஏரிக்கரைக் கோரைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இருட்டியதும் எழும்பி எங்கோ வயல் பக்கம் மேயப் போய்விடும். எந்த வயல்? கோதுமையா, கடுகா, தரிசா? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே வயலையெல்லாம் மண் கொட்டி மேடாக்கி பிளாட் போட்டுக்கொண்டே வருகிறார்கள். எதை விட்டுவைத்தால் இதுகள் பிழைக்கும் என்று சொல்லவாவது ஆள் வேண்டுமல்லவா?

இனி நம் விஷயம். நீங்கள் என்னிடம் சொல்லாமல் மதுரைக்கு மாறுதல் கேட்டு பாங்கில் எழுதிக் கொடுத்தீர்கள். நான் உங்களிடம் சொல்லாமல் இந்த வேலையை மூன்று குளிர்காலத்துக்கு ஒப்புக்கொண்டேன். யார் முதலில் மறைத்தது என்று சண்டை போட்டோமே தவிர, இனிமேல் எங்கே சேர்ந்து இருக்கப்போகிறோம் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எழுத்திலாவது திறப்போம்.

அன்புடனும், இன்னும் கொஞ்சம் கோபத்துடனும்,
இந்திராணி


ஜனக்புரி
1 டிசம்பர் 2024

அன்புள்ள இந்திராணி,

ரப்பர் வளையம் ஜன்னல் கம்பியில்தான் இருந்தது. குக்கர் இப்போது நன்றாகவே விசில் அடிக்கிறது. முதல் விசிலுக்கே பருப்புத் தண்ணீர் சுவரெல்லாம் தெறித்துவிட்டது. அதைப் பற்றிச் சத்பீர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்று புகை கொஞ்சம் குறைச்சல். எதிர் வீட்டு மாடியும் அதில் காயும் போர்வையும் தெரிகின்றன. நீ இல்லாமல் வீடு அமைதியாக இருக்கிறது என்று முதல் வாரம் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்த அமைதி பிடிக்கவில்லை. டீவியைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறேன்.

ஒரு குறை உண்டு. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நீ. டெல்லியில் வளர்ந்தும் என்னைவிட நன்றாகத் தமிழ் எழுதுவேன் என்று எங்கள் அருப்புக்கோட்டை ஆட்களிடமே சவால் விட்டவள். அப்படிப்பட்டவள் "ஸ்னைப், ஸ்னைப்" என்று எழுதுகிறாயே, அந்தப் பறவைக்குத் தமிழில் பெயரே கிடையாதா? நம் ஊர்க் கண்மாய்க்கு வராமலா இருந்திருக்கும்? அடுத்த கடிதத்தில் எனக்குத் தமிழ்ப் பெயர் வந்தாக வேண்டும்.

மதுரை ஆர்டர் வந்துவிட்டது. சம்மதமா இல்லையா என்று ஜனவரி பதினைந்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி. மதுரையில் இருந்தால் நினைத்தவுடன் பஸ் ஏறி அருப்புக்கோட்டை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்காகத்தான் கேட்டேன், உன்னை விட்டு ஓடுவதற்காக இல்லை. இப்போது கையில் கிடைத்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

அந்த கமலேஷ் நல்ல மாதிரிதானே? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
கௌதமன்


ஏரிக்கரை
9 டிசம்பர்

கௌதம்!

கண்டுபிடித்துவிட்டேன்! பகல் முழுக்கக் கோரைக்குள் ஒளிந்திருந்துவிட்டு, இருட்டியதும் சத்பீர் வீட்டுப் பின்வயலில் உள்ளான்! நேற்று கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பார்த்தேன். என்ன அழகு! எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், கூட்டம் கூடிவிடும். சத்பீர் பைக்கை உதைத்துவிட்டார், "ஜல்தி, மேடம்ஜி" என்று கத்துகிறார். மீதி பிறகு.

இந்து


ஜனக்புரி
10 டிசம்பர் 2024

இந்திராணிக்கு,

உன் துண்டுச் சீட்டு கிடைத்தது. பலமுறை படித்தேன். பாங்கில் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டும் படித்தேன்.

யார் அவன்? பகல் முழுக்க எதற்காகக் கோரைக்குள் ஒளிந்திருக்கிறான்? வேலை வெட்டி கிடையாதா, இல்லை போலீஸ் தேடுகிறதா? இருட்டினால் மட்டும் அந்த வயலுக்கு ஏன் வருகிறான்? எப்போது வருகிறான், எப்போது போகிறான்? தனியாக வருகிறானா, இல்லை ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறானா? அங்கே வந்து என்னதான் செய்கிறான்?

உனக்கு அழகாகத் தெரிகிறான். தூக்கமும் வரவில்லை. நல்லது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கட்டின புருஷனுக்கே எழுதுகிற தைரியம் உன்னைத் தவிர யாருக்கும் வராது. கூட்டம் கூடாமல் என்ன செய்யும்?

கமலேஷ்தானே? கையைப் பிடித்து வாய்க்கால் தாண்ட வைத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்று காலை சத்பீரிடம், "கமலேஷ் எப்படிப்பட்ட ஆள்?" என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். "கமலேஷ்? பஹுத் தேஸ் ஹை, சாப்!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். ரொம்பக் கெட்டிக்காரனாம். ஊரே சேர்ந்துதான் நடத்துகிறீர்கள் போலிருக்கிறது.

அன்புடன் என்று போடக் கை வரவில்லை.

கௌதமன்


ஏரிக்கரை
12 டிசம்பர் 2024

தமிழ்ப் பெயர் கேட்டு அடம் பிடித்த புலவர் அவர்களுக்கு,

உள்ளான் என்பது பறவை. ஸ்னைப்புக்குத் தமிழ்ப் பெயர். வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டீர்களே, அதற்காக புசா ரோடு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருக்கும் என் சிநேகிதி வைஷ்ணவியைக் கேட்டு, அவள் அகராதியைப் புரட்டிச் சொன்ன பெயர். "பின்வயலில் உள்ளான் உள்ளது" என்று எழுதியிருக்க வேண்டும். சத்பீர் பைக்கை உறுமவிட்ட அவசரத்தில் கடைசிச் சொல் விட்டுப்போயிற்று. அந்த ஒரு சொல்லுக்குள் நீங்கள் ஒரு ஆளையே கொண்டுவந்து ஒளித்துவைத்துவிட்டீர்கள்!

கமலேஷ், சத்பீரின் மனைவி. இரண்டு பிள்ளை பெற்றவள். இந்தப் பக்கம் பெண்களுக்கும் அந்தப் பெயர் வைப்பார்கள். மரியாதையாக "சிரிக்கிறார்" என்று எழுதினேன், அது என் தப்பா? பெண்டாட்டியைப் பற்றி விசாரித்ததும் சத்பீர் பெருமைப்படாமல் என்ன செய்வார்?

உங்கள் கடிதத்தைக் கமலேஷுக்கு இந்தியில் சொன்னேன். அடுப்பில் ரொட்டி கருகுகிற வரை சிரித்தாள். ஆனால் "உள்ளான்" என்பது அவள் காதில் "உல்லு" என்று விழுந்துவிட்டது. இந்தியில் ஆந்தைக்கும் அதுதான், அசட்டு மனுஷனுக்கும் அதுதான். "சாப் கோ உல்லு போல்தீ ஹோ?" என்று கேட்டாள். புருஷனையே அப்படிச் சொல்கிறேனாம். நான் மறுக்கவில்லை.

பறவைக்கு வருகிறேன். நான் கோதுமை வயலாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது இல்லை. எருமைக்குப் போடுவதற்காக பர்சீம் என்று ஒரு பசுந்தீவனம் பயிரிடுகிறார்கள். அதற்கு அடிக்கடி தண்ணீர் பாய்ச்சுவதால் மண் எப்போதும் பதமாக இருக்கிறது, சாணி உரத்தால் புழுவும் நிறைய. இருட்டியதும் உள்ளான் நேரே அங்கேதான் வந்து இறங்குகிறது. தையல் மெஷின் ஊசி மாதிரி அலகை மண்ணில் குத்திக் குத்தி எடுக்கிறது. அலகு நுனியிலேயே உணர்ச்சி இருப்பதால் புழுவைப் பார்க்கக்கூட வேண்டாம், தடவியே எடுத்துவிடும். அந்தப் புல்லைத் தின்ற எருமையின் பால்தான் உங்கள் காலைக் காபி.

சிரித்து முடித்த பிறகு எனக்கு அழுகையும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்தக் கடிதத்தில் மூச்சுவிடாமல் கேட்டிருக்கிறீர்கள். பகலில் எங்கே, இருட்டில் எங்கே, எப்போது வரும், தனியாகவா கூட்டமாகவா, வந்து என்ன செய்யும். என் ஆராய்ச்சியின் கேள்விகளே இவைதான். கோபத்தில் கேட்டாலும் கேட்டீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். உங்கள் எதிரியை நேரிலேயே காட்டுகிறேன். மதுரை விஷயம் உங்கள் இஷ்டம்.

அன்புடன் (எனக்குக் கை வருகிறது),
இந்திராணி


ஜனக்புரி
23 டிசம்பர் 2024

அன்புள்ள இந்து,

ஒரு ஷூவோடு பாங்குக்குப் போக முடியாது என்பதால் இன்று புதிது வாங்கினேன். மற்றொன்று சத்பீரின் பர்சீம் வயலுக்குள் எங்கேயோ இருக்கிறது. உன் உள்ளான்கள் தடவி எடுத்தால் சொல்லு.

கமலேஷ் அடுப்பருகில் கட்டிலைப் போட்டு, "ஆயியே, உல்லுவாலே சாப்!" என்று வரவேற்றபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க மனசுக்குள் இந்தியில் ஒரு வாக்கியம் தயார் செய்துவைத்திருந்தேன். அவள் போட்ட வெண்ணெயைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று. எத்தனை ரொட்டி சாப்பிட்டேன் என்று நீ யாருக்கும் சொல்ல வேண்டாம்.

நேற்று உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். சூரியன் விழுந்து வயல் கருத்ததும் உன் சூட்டைக் காட்டும் கேமராவை என் கண்ணில் வைத்தாய். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஒரு வெள்ளைப் புள்ளி அசைந்தது. பக்கத்தில் இன்னொன்று. வெறும் வயல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடம் முழுக்க உயிர் நடமாடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அத்தனையும் துணி கிழிக்கிற மாதிரி கத்திக்கொண்டு எழும்பிவிட்டன.

நீ திட்டுவாய் என்று நினைத்தேன். நீ திட்டவில்லை. எந்தத் திசைக்குப் போகின்றன என்று பார்க்க வரப்பில் ஓடினாய், சேற்றில் வழுக்கினாய், எழுந்து மறுபடி ஓடினாய். நான் ஒருத்தன் நிற்கிறேன் என்பதே உனக்கு மறந்துபோயிற்று. முன்பெல்லாம் நீ அப்படி மறந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நேற்று வரவில்லை. உன்னை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் மெட்ரோ ஏறியதற்கு நான் உல்லுதான்.

ஆனால் ஒரு மனத்தாங்கல். "உங்கள் இஷ்டம்" என்று எழுதினாய். நேற்றும் கிளம்பும்போது மதுரைப் பேச்சை எடுத்தேன், அதையே சொன்னாய். என் இஷ்டத்தை நான் உன்னிடம் கேட்கவில்லை. உன் இஷ்டத்தைத்தான் கேட்கிறேன். நான் போனாலும் இருந்தாலும் உனக்கு ஒன்றுதானா? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். போங்கள் என்றால் வருத்தத்தோடு போவேன். போகாதீர்கள் என்றால் சந்தோஷமாக இருப்பேன். ஒன்றும் சொல்லாவிட்டால் நான் எதை வைத்து முடிவு செய்வது?

அன்புடன்,
கௌதமன்


ஏரிக்கரை
13 ஜனவரி 2025

அன்புள்ள கௌதம்,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மூடுபனியைக் காரணம் சொல்லலாம். எதிரில் நிற்கிற எருமை தெரியாத பனி. ஆனாலும் சத்பீர் ஒருநாளும் பால் ஊற்றாமல் இருக்கவில்லை, "சிட்டி?" என்று கடிதம் கேட்காமலும் இருக்கவில்லை. நான்தான் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு விமானப்படை வேலை. டெல்லிக்கு வந்து நிலைப்பதற்கு முன்னால் ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் வந்து, "என்ன சொல்ற?" என்று கேட்பார். "உங்க இஷ்டம்" என்பாள் அம்மா. சொல்லிவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிடுவாள். அதுதான் நல்ல பெண்டாட்டி பேசுகிற பேச்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். போன வாரம் போனில் அம்மாவைக் கேட்டேன். "எங்கயும் போகப் பிடிக்கலடி. ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லிப் பாத்திருக்கலாம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உங்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்ததில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. கேட்டுவிட்டு, நீங்கள் போய்விட்டால்? கேட்காவிட்டால் தோற்றதாக ஆகாதே. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அத்தையைப் பற்றி யோசிக்காமல் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மார்ச் முடிவில் உள்ளான்கள் வடக்கே கிளம்பிவிடும். அதற்குப் பிறகு நவம்பர் வரை எனக்கு இங்கே என்ன வேலை? கணக்குப் போடுவதையும் கட்டுரை எழுதுவதையும் எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யலாம். நான் அருப்புக்கோட்டையில் அத்தையோடு இருக்கிறேன். முட்டிக்கு வைத்தியம் பார்ப்போம். அவர்களும் நானும் சேர்ந்து உங்களைக் குறை சொல்லிக்கொண்டு இருப்போம், பொழுது நன்றாகப் போகும். இதையும் போன வாரமே அவர்களிடம் பேசிவிட்டேன். "மொதல்ல அவன்கிட்ட சொல்லு தாயி" என்றார்கள்.

நாளை மறுநாள் உங்களுக்குக் கடைசி நாள். அதனால் இந்தத் தடவை கிழிக்காமல் எழுதுகிறேன்.

போகாதீர்கள்.

நீங்கள் இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. உங்கள் "சரி"யைக் கேட்டுக் கோபப்படாமல் பொழுதே போகவில்லை. போகாதீர்கள் கௌதம்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
இந்து


ஜனக்புரி
14 ஜனவரி 2025, பொங்கல்

என் இந்துவுக்கு,

சத்பீர் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். கடிதத்தை முடித்துக் கொடுத்தால்தான் விடுவேன் என்று பிடித்து வைத்திருக்கிறேன். மற்ற வீட்டுக்காரர்கள் பாலுக்காக என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இன்று பொங்கல், திட்டட்டும்.

மதுரை வேண்டாம் என்று வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ பதில் போடமாட்டாய் என்றுதான் நினைத்தேன். நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அந்தச் சேற்றில் நீ ஓடியதைப் பார்த்த பிறகு என்னால் போக முடியாது என்று தெரிந்துவிட்டது. மதுரை எங்கும் ஓடிவிடாது. எங்கள் மேனேஜர் சந்திரசேகர், "கேட்டு வாங்கின மாறுதலை யாராவது வேண்டாம்பாங்களாய்யா?" என்றார். "வீட்ல இன்னும் ரெண்டு குளிர்காலம் வேலை பாக்கி இருக்கு சார்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். பொங்கலன்று உனக்குச் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். போன வாரத்திலிருந்து எல்லாம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! உனக்காகப் பின்கட்டு அறையை வெள்ளையடிக்கச் சொல்லியாகிவிட்டதாம். என்னைக் குறை சொல்லும் வேலையை நீ வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

காலையில் பொங்கலுக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஒரு கையில் உன் கடிதத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். "போகாதீர்கள்" என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு அடுப்பும் தெரியவில்லை, பாலும் தெரியவில்லை. புஸ்ஸென்று பொங்கி வழிந்த பிறகுதான் நிமிர்ந்தேன். "பொங்கலோ பொங்கல்" என்று தனியாக நின்று கத்தினேன். மாடிவீட்டு பஞ்சாபி அம்மாள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அழுதுகொண்டே சிரித்ததால் அவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க முடியவில்லை.

ஆனால் ஒரு நஷ்டம். பால் பொங்கியபோது காகிதத்தைக் கீழே விட்டுவிட்டேன். மற்ற வரியெல்லாம் நன்றாக இருக்கிறது. நீ அந்த வார்த்தையை எழுதிய இரண்டு இடத்திலும் மை பாலில் கரைந்து நீலமாகப் பரவிவிட்டது. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. நீ அப்படி எழுதினாய் என்பதற்கு இப்போது என் கையில் அத்தாட்சி இல்லை.

அதனால் சாயங்காலம் பாங்கிலிருந்து நேரே அங்கே வருகிறேன். வாயால் சொல்லு.

உன்,
கௌதமன்